மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்ரோல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வி: பெட்ரோலில் ஓடும் 2 அங்குலத் தண்ணீர் பம்பு. 160 சிசி, நான்கு ஸ்ட்ரோக். ஐந்தாறு மாதமாகத் தொடவில்லை. டேங்கில் பாதிப் பெட்ரோல் அப்படியே இருக்கிறது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். தெரிந்தவர் ஒருவர், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் ஒரு மூடி பெட்ரோல் ஊற்றி இழுத்தால் பிடித்துக்கொள்ளும் என்கிறார். செய்யலாமா? எஞ்சின் ஷெட்டுக்குள் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவேன்.

ஜூன் 4, காலை

வேண்டாம். பெட்ரோல் ஊற்றுவதும் வேண்டாம், ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் தூசியை மட்டும் தடுப்பதில்லை. எஞ்சின் சில நேரம் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கும். அந்தத் தீ வெளியே வராமல் பிடிப்பதும் அந்த ஃபில்டர் பெட்டிதான். அதைக் கழற்றிவிட்டு, வாயில் பெட்ரோலும் ஊற்றி, முகத்தை அருகில் வைத்துக்கொண்டு இழுக்கும்போது ஒரே ஒரு முறை திருப்பி வெடித்தால் போதும். பக்கத்திலேயே பெட்ரோல் கேன் வேறு திறந்திருக்கும்.

அப்படிச் செய்து கிடைப்பதும் ஒன்றுமில்லை. ஊற்றியது தீரும்வரை இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்துவிடும். ஸ்பார்க் இருக்கிறது, கார்புரேட்டரில்தான் கோளாறு என்று மட்டும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள நெருப்போடு விளையாடாத வழி இருக்கிறது, மாலையில் எழுதுகிறேன். அதற்குள் எஞ்சினை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுவந்து, டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்து வையுங்கள். அருகில் விளக்கோ அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது.

ஜூன் 4, மாலை

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் தொங்கும். அதன் அடியிலோ பக்கவாட்டிலோ ஒரு வடிகால் திருகு இருக்கும். கீழே ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவை வைத்து, டேங்கில் கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் காக்கை, அதாவது டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் குமிழைத் திறந்து, அந்தத் திருகைத் தளர்த்துங்கள்.

பெட்ரோல் நிற்காமல் சீராக வந்தால், டேங்கிலிருந்து கிண்ணம் வரை வழி சரி. அடைப்பு அதற்கு மேலே ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையில் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ டேங்க் வலை, காக், குழாய், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி என்று பின்னோக்கிப் பாருங்கள். டப்பாவில் பிடித்ததை அப்படியே ஐந்து நிமிடம் விட்டால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கிறது. திறந்த காற்றோட்டம் உள்ள சிறு டேங்கில் அந்தப் பகுதிதான் முதலில் பறந்துபோகும். மீதி காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லப் பிசினாக மாறும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது மிகச் சிறிதளவு என்பதால் அங்கே இது சீக்கிரம் நடக்கிறது. மெயின் ஜெட்டின் துளை ஒரு மி.மீ கூடக் கிடையாது. அதன் ஓரத்தில் மெல்லிய வார்னிஷ் படிந்தாலே எஞ்சின் பட்டினி.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் சிக்கல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயும் டேங்கின் அடியில்தான் இருக்கிறது. பெரும்பாலான சிறு எஞ்சின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் எத்தனாலை அனுமதிக்கின்றன. உங்கள் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

ஜூன் 5

ஷெட்டைப் பற்றித் தனியாக எழுதாமல் விட மனம் வரவில்லை. "கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவேன்" என்று நீங்கள் எழுதியது என்னை இரவெல்லாம் உறுத்தியது.

பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகை நாற்றம் வருகிறதா என்று பார்த்து அளக்க முடியாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் காற்றில் கொஞ்சமாக இருந்தாலும் நேரம் ஆக ஆக உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி. இதில் கொடுமை என்னவென்றால், ஆபத்து என்று உணர்ந்து வெளியே நடக்க வேண்டிய மூளையைத்தான் அது முதலில் மழுக்குகிறது. வெயில் களைப்பு என்று நினைத்து உட்காருகிறவர் எழுந்திருப்பதில்லை.

கதவு ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. மின்விசிறி வைப்பதும் போதாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. புகைபோக்கியின் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. பம்புக்கும் இதே கணக்குதான். மழைக்கு ஒதுங்க வராந்தாவில் வைப்பது, பால்கனியில் வைப்பது, மாடிப்படிக்கு அடியில் வைப்பது எல்லாம் உள்ளே வைப்பதுதான்.

கிணறு வைத்திருப்பவர்கள் இதைக் கூர்ந்து படியுங்கள். மையவிலக்குப் பம்பு தண்ணீரை மேலே உறிஞ்சும் உயரத்துக்கு எல்லை உண்டு. காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அது கணக்குப்படி 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டர். நீர்மட்டம் அதற்குக் கீழே போனதும், எஞ்சினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். தட்டில் வைத்துப் படியில் நிறுத்திவிட்டு மேலே வந்துவிடுகிறோமே என்பார்கள். எஞ்சின் அணைந்ததும் பார்க்க ஒருவர் இறங்குவார். விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். எஞ்சின் நின்ற பிறகும் வாயு உள்ளேயே தங்கியிருக்கும், காற்று புரளாத இடம் அது. எஞ்சினை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றிலோ தொட்டியிலோ பள்ளத்திலோ இறக்காதீர்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் மூச்சுக்கருவி இல்லாமல் பின்னால் இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். நீர்மட்டம் ஆழத்துக்குப் போய்விட்டால் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மின் மோட்டார்தான் வழி.

ஜூன் 5, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: லேசான தலைவலியோடு வெளியே வந்துவிட்டால் சரியாகிவிடுமா?

வெளிக்காற்றில் இருந்தாலும் இரத்தத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று ஒன்றரை மணி நேரமாகக் குறையும். அதனால் போய்ப் படுத்துத் தூங்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். எஞ்சின் பக்கத்தில் இருந்ததை அங்கே மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணத் தலைவலி என்று மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும்.

ஜூன் 7

கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சீராக வந்தது, ஆனால் பச்சையாக ஏதோ கலந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளைப் பாகங்கள் அரித்ததால் வரும் பச்சை அது. கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும்.

பெட்ரோல் காக்கை மூடுங்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பியும் அதன் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தெந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று கழற்றும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். இதைத் தவறவிட்டவர்கள் மாட்டும்போது வேறு துளையில் மாட்டி, எஞ்சின் வேகம் தறிகெட்டுப் போய்விட்டது என்று வருகிறார்கள். கிண்ணத்தைக் கழற்றியதும் நடுத் தண்டில் மெயின் ஜெட் இருக்கும். பொருத்தமான அகலமுள்ள ஸ்குரூடிரைவரால் கழற்றுங்கள், மெலிந்ததைப் போட்டால் பித்தளை வாய் சிதைந்துவிடும். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு குழல் விழும். அதையும் விடாதீர்கள், அந்தத் துளைகள் அடைத்தாலும் எஞ்சின் இருமும்.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, பிறகு காற்றடியுங்கள். அது ஒரு துளையில் போய் எதிர்பாராத இடத்தில் முகத்துக்கு நேராக வெளியே பீறும். ஜெட்டில் தையல் ஊசியோ இரும்புக் கம்பியோ விடக் கூடாது. துளை ஒரு துளி பெரிதானாலும் பெட்ரோல் அதிகமாகப் போகும், பிளக் கறுக்கும், அதைத் திரும்பச் சரி செய்ய முடியாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

மிதவையை மாட்டியதும் கிண்ண ஓர ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளீனர் பட்டு அது ஊதிப் பெரிதாகியிருந்தால் புதிது போடுங்கள்.

ஜூன் 8

"பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் ஒட்டி வைத்து இழுத்துப் பார்த்தேன், நல்ல நீல ஸ்பார்க்" என்று ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இழுத்து இழுத்துப் பார்த்த எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். கயிற்றை இழுக்கும்போது பிளக் துளை வழியாக அது வெளியே பீய்ச்சும். ஸ்பார்க்கை அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே காட்டினால் பற்றிக்கொள்ளும். வயரோடு தொடராக இணைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் விலை அதிகமில்லாத பொருள், அதை வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் பழைய பிளக்கைத் துளையில் மாட்டி மூடிவிட்டு, வேறொரு பிளக்கை வயரில் சொருகி, துளையிலிருந்து தள்ளி உலோகத்தில் தொட வைத்துப் பாருங்கள். கையில் பிடிக்காதீர்கள்.

பிளக்கின் முனை சொல்வதையும் கேளுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. பிசுபிசு ஆயில் என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம், எஞ்சின் சூடேறுகிறது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. அப்போது சோக்கை முழுக்கத் திறந்து, ஆக்சிலேட்டரைக் கூட்டி வைத்துச் சில முறை இழுத்தால் காய்ந்துவிடும்.

160 சிசி வகையில் பரவலாக இருக்கும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 கையேட்டில் பிளக் இடைவெளி 0.70 முதல் 0.80 மி.மீ. மாட்டும்போது கையாலேயே முழுக்கத் திருகி உட்கார வைத்துவிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதற்கு கால் சுற்றுக்குள். அலுமினியத் தலையில் மரை போனால் பிளக் விலையில் முடியாது.

ஜூன் 9

ஓடிவிட்டது என்ற செய்தி பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டாவது இழுப்பிலேயே பிடித்தது என்றால் வால்வும் ரிங்கும் நன்றாக இருக்கின்றன.

இனி நிறுத்தும் முறையை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஸ்விட்சைத் தட்டாமல், பெட்ரோல் காக்கை மட்டும் மூடுங்கள். கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானே அணையும். அப்புறம் ஸ்விட்சை அணையுங்கள். அடுத்த வாரமே ஓட்டப்போவதாக இருந்தால் இது போதும்.

மாதக்கணக்கில் ஓட்டமாட்டீர்கள் என்றால் டேங்கையும் வடித்து, கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்துவிடுங்கள். எஞ்சின் தானே அணைந்தாலும் ஜெட்டுக்குக் கீழே உள்ள கொஞ்சம் பெட்ரோல் கிண்ணத்தில் தங்கியிருக்கும், பச்சைக்குக் காரணம் அந்தக் கொஞ்சம்தான். பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கலப்பவர்கள் புதுப் பெட்ரோலில் கலந்து சில நிமிடம் ஓட்ட வேண்டும், அப்போதுதான் கார்புரேட்டருக்குள்ளும் போய்ச் சேரும். ஏற்கெனவே கெட்ட பெட்ரோலை அது திருத்தாது.

எத்தனையோ எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஓடித் தேய்ந்து கெட்டவை குறைவு. நிறுத்தியபோது யாரும் கவனிக்காமல் கெட்டவைதான் அதிகம்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

காக்கை மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பம்பு இரவல் போய் வண்டியில் வந்தது. காக் திறந்தே இருந்திருக்கிறது. வழியெல்லாம் குலுங்கியதில் மிதவை ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங் வழியாக ஆயிலில் கலந்துவிட்டது. அளவுகோலைத் தூக்கிப் பார்த்தால் ஆயில் ஏறியிருந்தது, முகர்ந்தால் பெட்ரோல். அந்த நிலையில் ஓட்டியிருந்தால் நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் பரப்புகள் உரசித் தேய்ந்திருக்கும். ஆயில் அளவு குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். ஏறியிருந்தாலும் பதற வேண்டும்.

ஜூன் 15

ஆயில் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள், சேர்த்து எழுதுகிறேன்.

இந்தச் சிறு எஞ்சின்களில் பலவற்றில் ஆயில் பம்பே கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது ஆயிலில் அடித்து வாரி இறைக்கும். ஃபில்டரும் கிடையாது. ஆக, அளவு குறைந்தாலும் எஞ்சின் சாய்ந்து நின்றாலும் துடுப்புக்கு ஆயில் எட்டாது. கனெக்டிங் ராடு அலுமினியம், அது கிராங்கைப் பிடித்து உடைய அதிக நேரம் எடுக்காது. சரிவான வரப்பில் பம்பை வைத்து ஓட்டுபவர்கள் அடியில் கல் கொடுத்தாவது சமமாக்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎக்ஸ்160-க்கு ஆயில் 0.58 லிட்டர். அவ்வளவுதான். அரை லிட்டர் சொச்சம் ஆயில் இத்தனை வேலையையும் செய்கிறது. புது எஞ்சினில் முதல் மாதம் அல்லது 20 மணி நேரத்தில் மாற்ற வேண்டும், அதன் பிறகு 6 மாதம் அல்லது 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் 20 மணி நேரத்தில் வடிக்கும் ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உலோகம் மின்னும். ஃபில்டர் இல்லாததால் அத்தனையும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் முதல் மாற்றத்தைத் தள்ளிப் போடவே கூடாது.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கோடு வெளியே வரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

ஆயில் குறைந்தால் தானே நிற்கும் சென்சார் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது கிராங்க் கேசில் உள்ள மிதவை ஸ்விட்ச். மிகவும் குறைந்த பிறகுதான் ஸ்பார்க்கை அறுக்கும். ஆயில் தரம் கெட்டிருப்பதை அதனால் சொல்ல முடியாது. அளவுகோலைப் பார்க்கும் பழக்கத்துக்கு அது மாற்று கிடையாது.

ஜூன் 16

மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டியது. அளவுகோலைத் திருகி அளப்பதா, சும்மா நுழைத்து அளப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஜிஎக்ஸ் வகையில் துடைத்து நுழைத்து, திருகாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் முழுக்கத் திருகிப் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்த்தால் மரையின் உயரமளவு கணக்கு தப்பும். அதிகமாக ஊற்றிவிட்டால் கிராங்க் கேசின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போய் ஊறி, வெள்ளைப் புகை தள்ளும்.

அடியைச் சுத்தம் செய்ய எஞ்சினைச் சாய்க்கும்போதும் இதே கதைதான். கார்புரேட்டரும் ஃபில்டரும் மேலே பார்க்கும் பக்கமாகச் சாயுங்கள்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் அலசுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீர் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு சுத்தமான எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது, தட்டி உதறலாம், கிழிந்தால் மாற்றலாம். ஃபில்டர் இல்லாமல் தூசியில் ஓடிய எஞ்சினுக்கு ரிங் தேய்வதை யாராலும் தடுக்க முடியாது.

ஜூன் 28

பேச்சு மருந்து தெளிப்பானுக்கும் புல் வெட்டும் எஞ்சினுக்கும் போய்விட்டது. அவற்றில் பல இரண்டு ஸ்ட்ரோக். கிராங்க் கேசில் தனி ஆயில் கிடையாது, பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் எல்லாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி, 25-க்கு 1 என்றால் 40 மி.லி. எது என்பதை உற்பத்தியாளர் டேங்க் மூடியிலோ கையேட்டிலோ போட்டிருப்பார். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு என்று விற்கும் ஆயில்தான், கார் ஆயில் ஆகாது.

"கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்புதானே" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கூடுதல் ஆயில் எரியாமல் சைலன்சர் வலையிலும் புகைவாயிலும் கரியாகப் படிந்து மூச்சை அடைக்கும். அதோடு ஆயில் கூடினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடேறும்.

கலந்த கேனில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கலக்காத பெட்ரோலை அவசரத்தில் இரண்டு ஸ்ட்ரோக்கில் ஊற்றினால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

ஜூலை 3

கயிறு திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கிய நண்பருக்கு.

முதலில் இழுக்கும் முறை. கயிற்றை மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் இறுகும். பிஸ்டன் அழுத்தத்துக்கு வந்த இடம் அது. அங்கிருந்து ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். அரைகுறை வேகத்தில் இழுத்தால் பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன் ஸ்பார்க் விழுந்து பின்னோக்கித் தள்ளும். கைப்பிடியை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இழுத்ததும் அப்படியே விட்டுவிடாமல் கையோடு மெல்லத் திரும்ப விடுங்கள்.

சரியாக இழுத்தும் திருப்பி அடிக்கிறது என்றால் ஃபிளைவீல் கீயைச் சந்தேகப்படுவேன். ஃபிளைவீலையும் கிராங்கையும் பிணைக்கும் சிறு துண்டு அது. புல் வெட்டும் கத்தி கல்லில் மோதி எஞ்சின் பட்டென்று நின்றால் அந்தக் கீ பாதி அறுந்துபோகலாம். ஃபிளைவீல் சில பாகை நகரும். அதில் உள்ள காந்தம், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும் நேரம் மாறும், ஸ்பார்க் நேரம் தப்பும். பேட்டரி இல்லாத எஞ்சின் இது, காந்தம் காயிலைக் கடக்கும் அந்த நொடிதான் ஸ்பார்க். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் இது தீராது.

கத்தியைத் தொடும் எல்லோருக்கும்: பேட்டரிதான் இல்லையே, சாவியை எடுத்துவிட்டேன், ஸ்விட்சை அணைத்துவிட்டேன் என்று நம்பியிருக்காதீர்கள். கத்தியைக் கையால் சுற்றினால் கிராங்க் சுற்றும், ஸ்விட்ச் வயர் எங்காவது அறுந்திருந்தால் ஒரு வெடிப்பு வரும். ஒரு வெடிப்பு போதும் விரலுக்கு. பிளக் வயரைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் கத்தியிலும் பெல்ட்டிலும் கை வைக்க வேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ஜூலை 11

ஜெனரேட்டர் கேள்விகள் வரிசையாக வருகின்றன.

ஓடும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. நிறுத்தி ஆறவிட்ட பிறகுதான். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை குளிரில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போய்த் தொலைவில் உள்ள நெருப்பைத் தேடிப் பிடிக்கும். காற்றில் ஆவி 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். சூடான சைலன்சர் மேல் சிந்தினால் தீப்பொறியே வேண்டாம். டேங்கை வழிய நிரப்பாதீர்கள், விரிய இடம் விடுங்கள். கேனை நிரப்பும்போது தரையில் வைத்து நிரப்புங்கள், வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் வைத்து அல்ல. நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழி வேண்டும்.

வீட்டு பிளக் பாயிண்டில் ஜெனரேட்டர் வயரைச் சொருகி முழு வீட்டுக்கும் கரண்ட் கொடுப்பது கொலைக்குச் சமம். மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி உயர் அழுத்தமாகிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் அதைத் தொடுவார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைய முடியாத மாற்று ஸ்விட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வேகத்தைக் கூட்டினால் லோடு அதிகம் தாங்குமா?" தாங்காது. இரண்டு துருவ ஜெனரேட்டரில் 50 ஹெர்ட்ஸ் என்பது நிமிடத்துக்கு 3000 சுற்று. அதை மாற்றினால் ஹெர்ட்ஸும் வோல்டேஜும் மாறும். என்னிடம் வந்த ஓர் எஞ்சினில் யாரோ கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வளைத்துவிட்டிருந்தார்கள். லோடு போனதும் எஞ்சின் அலறிக்கொண்டு ஏறியது. அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு அறுந்தால் கிராங்க் கேசைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கவர்னரைத் தொடாதீர்கள்.

ஆகஸ்ட் 2

"அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திணறி அணைகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது." காயில் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வாங்குவதற்கு முன், அணையும் நேரத்தில் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். புஸ் என்று காற்று உள்ளே போய் எஞ்சின் தெளிந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும்.

மூடி சரி, சூட்டில்தான் நிற்கிறது என்றால் கவசத்தைக் கழற்றி சிலிண்டர் செதில்களைப் பாருங்கள். வைக்கோலும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் காற்று போகாது. அதற்கும் பிறகுதான் காயில்.

ஆகஸ்ட் 3

இதில் வால்வு இடைவெளியை விட்டுவிட்டதாக ஒருவர் நினைவூட்டியிருக்கிறார், நியாயம்தான். அளவு மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். ஜிஎக்ஸ்160-இன் பழைய மாடல்களில் எஞ்சின் ஆறிய நிலையில், பிஸ்டன் அழுத்த உச்சியில் இருக்கும்போது, உள்வால்வு 0.15 மி.மீ, வெளிவால்வு 0.20 மி.மீ. இரண்டுக்கும் 0.02 கூடக் குறைய இருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 300 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். இடைவெளி இறுகினால் வால்வு முழுக்க மூடாமல் அழுத்தம் கசியும், சூடானதும் ஸ்டார்ட் ஆகாது. தளர்ந்தால், இழுப்பை எளிதாக்க வெளிவால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு வேலை செய்யாமல் கயிறு கல்லாகக் கனக்கும். மேலே உள்ள மூடியின் நான்கு போல்ட், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு மணி நேரம். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

ஆகஸ்ட் 17

வடித்த பழைய பெட்ரோலை என்ன செய்வது என்று முதலில் கேட்டவரே கேட்டிருக்கிறார். சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஆவி குழாய்க்குள் தங்கி வேறு எங்கோ பற்றும். மண்ணில் ஊற்றினால் கிணற்று நீருக்குப் போகும். குப்பை கொளுத்த எடுக்கவே எடுக்காதீர்கள், தீக்குச்சி தொடும் முன்பே ஆவி சுற்றிலும் பரவியிருக்கும். மூடி இறுகும் கேனில் "பழைய பெட்ரோல்" என்று எழுதி, வடித்த ஆயிலை வேறு கேனில் தனியாகப் பிடித்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் பணிமனையிலோ அபாயக் கழிவு சேகரிப்பு மையத்திலோ கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் யாரும் வாங்கமாட்டார்கள்.